வீட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டினால்: தமிழ்நாட்டு வாடகைதாரர்களுக்கான முழுமையான சட்ட வழிகாட்டி

"ஒண்ணாம் தேதிக்குள்ள வீட்டைக் காலி பண்ணுங்க, இல்லேன்னா சாமான் தெருவுக்கு வரும்." இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளின் பள்ளி நடுவாண்டில் இருக்கும்போதே வீட்டை மாற்றிக்கொண்டு போன குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் அப்படிப் போயிருக்கவே தேவையில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம், அது அவர் உரிமை. ஆனால் நீங்கள் மறுத்தால் உங்களை வெளியேற்றும் அதிகாரம் அவருக்கோ, அவருடைய மைத்துனருக்கோ, தரகருக்கோ, காவல் ஆய்வாளருக்கோ கிடையாது. நீதிமன்ற உத்தரவு ஒன்றுக்குத்தான் அந்த அதிகாரம் உண்டு.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நகரும். யார் வந்து எந்தக் குரலில் பேசினாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கோர்ட் ஆர்டர் இருக்கிறதா?"

சொத்து அவருடையது, சுவாதீனம் உங்களுடையது

பத்திரம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கலாம். ஆனால் சாவியை உங்களிடம் கொடுத்து, வாடகை வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டின் சுவாதீனம், அதாவது அதைக் கைவசம் வைத்து அனுபவிக்கும் நிலை, உங்களிடம் வந்துவிடுகிறது. சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒருவர் ஓர் இடத்தில் நிலையான சுவாதீனத்தில் இருந்தால், அங்கே தொடர அவருக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சட்டத்தின் வழியாக அல்லாமல் உரிமையாளர் அவரை வெளியேற்ற முடியாது என்று 1989-இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்துபோன வாடகைதாரருக்கும் இது பொருந்தும். வாடகை பாக்கி வைத்தவருக்கும் பொருந்தும். அவர்கள் வழக்கில் தோற்கலாம், ஆனால் தோற்பது நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும், வாசலில் அல்ல.

முதல் படி: எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்?

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் இப்போது நடைமுறையில் இருப்பது, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலுக்கு வந்தது. அதுவரை இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. பழைய சட்டத்தை நம்பி "நான் இருபது வருஷமா இருக்கேன், என்னை யாரும் அசைக்க முடியாது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. புதிய சட்டத்தில் எல்லாமே எழுத்து வடிவ ஒப்பந்தத்தைச் சுற்றித்தான் சுழல்கிறது.

அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள், கோயில், வக்ஃபு போன்ற சமய அறநிலையங்களின் கட்டடங்கள், வேலையோடு சேர்த்து நிறுவனம் தரும் குடியிருப்புகள் ஆகியவை இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. கிராமப்புறங்களில் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தும். அதன் 106-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடியிருப்பை முடிவுக்குக் கொண்டுவர, கையெழுத்திட்ட எழுத்து வடிவ நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த 15 நாள் முடிந்ததும் வீட்டுக்காரர் கதவை உடைக்கலாம் என்று பொருளில்லை. அதன் பிறகு அவர் வழக்குப் போடலாம் என்றுதான் பொருள்.

இரண்டாம் படி: காகிதத்தைச் சேருங்கள்

பிரச்சினை வந்த பிறகு தேடுவதைவிட, இன்றே ஒரு கோப்பு போடுங்கள். வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்ததற்கான ரசீது அல்லது வங்கிப் பதிவு, மாதாமாதம் வாடகை அனுப்பிய விவரம், மின்கட்டண ரசீதுகள், அந்த முகவரியில் உள்ள ஆதார், ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்புப் புத்தகம், வீட்டுக்காரருடனான வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. அவை இருக்கும் போனையும் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, 2023-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவுப்படி அதற்கென ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

ஒப்பந்தமே இல்லையென்றால்? இங்கேதான் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அரசு அலுவலர். வாய்மொழியில் ஓடிக்கொண்டிருந்த பழைய குடியிருப்புகளையும் எழுத்துக்குக் கொண்டுவரச் சட்டம் கால அவகாசம் கொடுத்தது. அப்படியும் ஒப்பந்தம் போடாமல் விட்டால், அந்த ஒரு காரணத்தையே வைத்து வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற உத்தரவு கேட்கலாம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதிலும் சிக்கல் வரும். "நமக்குள்ள எதுக்குங்க பேப்பர்" என்று வீட்டுக்காரர் அன்போடு சொன்னாலும், அண்ணன் தம்பி போலப் பழகினாலும், காகிதம் போடுங்கள். அவர் மறுத்தால், ஒப்பந்தம் போட நீங்கள் கேட்டதையாவது எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

11 மாத ஒப்பந்தம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. 11 மாதமாக இருந்தாலும் அது தேவை.

மூன்றாம் படி: அவர் சொல்லும் காரணம் சட்டத்தில் இருக்கிறதா?

ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டத்தின் 21-ஆவது பிரிவில் சொல்லப்பட்ட காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவோடு மட்டுமே, வாடகைதாரரை வெளியேற்ற முடியும். அந்தக் காரணங்களில் முக்கியமானவை: இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, கேட்பு நோட்டீஸ் வந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாதது, எழுத்து வடிவ அனுமதி இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வேறொருவருக்கு விட்டது, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, ஆட்கள் இருக்கும்போது செய்ய முடியாத பழுதுபார்ப்பு அல்லது இடித்துக் கட்டும் வேலை, உரிமையாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ அந்த வீடு உண்மையிலேயே தேவைப்படுவது.

"வேறொருவர் அதிக வாடகை தரத் தயாராக இருக்கிறார்" என்பது இந்தப் பட்டியலில் கிடையாது. நீங்கள் என்ன சமைக்கிறீர்கள், உங்கள் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், நீங்கள் எந்தச் சாதி, எந்த மதம் என்பதும் கிடையாது. ஒப்பந்தத்தில் இடம் கொடுக்காத வாடகை உயர்வை நடுக்காலத்தில் ஏற்க மறுத்ததும் கிடையாது.

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் நிலைமை மாறும். அப்போது தொடர்ந்து இருக்க உங்களுக்கு உள்ள பிடிமானம் மெலிது. புதுப்பிக்காமல் தங்கினால் கூடுதல் வாடகை கட்ட வேண்டிய பொறுப்பும் சட்டப்படி உங்கள் தலையில் விழும். ஆகவே ஒப்பந்தம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிப்பது பற்றிப் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நான்காம் படி: வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள்

நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும் வழக்கில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். சண்டை வந்ததும், "தண்ணி விடல, நான் ஏன் வாடகை தரணும்?" என்று கோபத்தில் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் அதுவரை சட்டக் காரணம் எதுவும் இருந்திருக்காது. இரண்டு மாதம் கழித்து, வாடகை பாக்கி என்ற காரணத்தை நீங்களே அவர் கையில் கொடுத்திருப்பீர்கள்.

சில வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுப்பார்கள், வங்கிக்குப் போன பணத்தைத் திருப்பி அனுப்புவார்கள். பாக்கி என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது. இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மணியார்டர் போன்ற, பதிவு இருக்கும் ஒரு வழியில் இரண்டு மாதம் தொடர்ந்து அனுப்புங்கள். அப்போதும் மறுத்தால் அந்த வாடகையை வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். திரும்பி வந்த மணியார்டர் படிவத்தையும், திரும்பிய வங்கிப் பரிவர்த்தனையையும் கோப்பில் வையுங்கள். பின்னால் உங்கள் மிகப் பெரிய பலம் அதுதான்.

கையில் பணமாகத்தான் வாங்குவேன் என்று சொல்பவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது பெறுவது உங்கள் சட்ட உரிமை. உண்மையாகவே பாக்கி இருந்து கேட்பு நோட்டீஸ் வந்தால், எங்காவது புரட்டியாவது ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டினால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. அடுத்தடுத்து இதே பழக்கமானால் இந்தச் சலுகை கிடைக்காது.

ஐந்தாம் படி: நோட்டீஸ் வந்தால்

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். சிவப்பு முத்திரை, தடித்த எழுத்து, "தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வாசகம் எல்லாம் இருந்தாலும் அது உத்தரவு ஆகாது. அதற்காக அதை ஓரமாகப் போட்டுவிடவும் கூடாது. வாங்க மறுப்பதும் உதவாது. வாங்குங்கள், வந்த தேதியை உறையின் மேல் எழுதுங்கள், வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். பதிலில் மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறீர்கள், எந்த மாதம் வரை வாடகை கட்டியிருக்கிறீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு அவரிடம் இருக்கிறது.

வாடகை நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் அது வேறு கதை. அந்தத் தேதியில் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகிவிடும். இந்தச் சட்டத்தில் வழக்குகளை விரைந்து முடிக்கக் கால வரம்புகள் இருப்பதால், பழைய காலம்போல வாய்தா வாங்கியே பத்து வருடம் ஓட்ட முடியாது.

வீட்டுக்காரர் எந்த நேரமும் நீதிமன்றத்துக்குப் போய் உங்களைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு வாங்கிவிடுவார் என்று அஞ்சினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின் கீழ் கேவியட் மனு போட்டு வைக்கலாம். 90 நாள் அது உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் அவர் மனுப் போட்டால் உங்களுக்கும் தகவல் வரும்.

ஆறாம் படி: தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தினால்

நேரடியாக விரட்டத் துணியாதவர்கள் முதலில் கை வைப்பது மோட்டாரில். மொட்டை மாடிக் கதவைப் பூட்டுவார்கள், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவார்கள், படிக்கட்டு விளக்கை அணைப்பார்கள். கைக்குழந்தையோ படுக்கையில் முதியவரோ இருக்கும் வீட்டில் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது இதைச் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்கிற கொடுமை இது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதை நேரடியாகத் தடை செய்கிறது. உரிமையாளரோ, அவர் வைத்திருக்கும் மேலாளரோ, அவர்கள் சார்பில் வேறு யாருமோ, தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, கழிவு அகற்றல் போன்ற அத்தியாவசியச் சேவைகளைத் துண்டிக்கக் கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும் கூடாது.

செய்ய வேண்டியது: மூடிய வால்வையும் பிடுங்கிய ஃபியூஸையும் தேதி தெரியப் படம் எடுங்கள். "இன்ன தேதி, இன்ன நேரத்திலிருந்து தண்ணீர் இல்லை, திறந்துவிடவும்" என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பியதே சான்று. பிறகு வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து, உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் அப்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. குறிப்பாகக் கேட்காவிட்டால் மனு வரிசையில் உட்கார்ந்துவிடும்.

மின்சாரத்தில் இன்னொரு விஷயம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

வீட்டுக்காரர் பழுது பார்க்கவோ பார்வையிடவோ உள்ளே வர விரும்பினால், 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவரிடம் மாற்றுச் சாவி இருப்பதால், நீங்கள் இல்லாதபோது நுழையலாம் என்று ஆகாது.

ஏழாம் படி: கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டால்

ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் கதவில் வேறு பூட்டு. அல்லது சாமான்கள் வராந்தாவில். இங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

முதலில் பூட்டை நீங்களாக உடைக்காதீர்கள். புகைப்படம், வீடியோ எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், காவலாளி என யார் பார்த்தார்களோ அவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 100 அல்லது 112-ஐ அழையுங்கள். அழைப்புப் பதிவே நேரத்துக்குச் சான்றாகிவிடும்.

காவல் நிலையத்தில் வழக்கமாகச் சொல்லும் பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." பாதி மட்டுமே உண்மை. வாடகை எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்ததா என்பது சிவில். ஆனால் உங்களை உங்கள் வீட்டுக்குள் போக விடாமல் தடுப்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவுப்படி முறையற்ற தடுப்பு என்னும் குற்றம். 329-ஆவது பிரிவில் வரும் அத்துமீறி நுழைதல் என்பது, இன்னொருவரின் சுவாதீனத்தில் உள்ள இடத்துக்குள் குற்ற நோக்கத்தோடு நுழைவது. அங்கே கேள்வி சுவாதீனம் யாரிடம் என்பதுதான், பத்திரம் யார் பெயரில் என்பது இல்லை. மிரட்டல் 351, பொருட்களைச் சேதப்படுத்துவது 324, எடுத்துப் போவது 303. புகாரில் இந்த எண்களைக் குறிப்பிட்டு, நடந்ததைத் தேதி வாரியாக எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காமல் நிலையத்தை விட்டு நகராதீர்கள். புகாரை வாங்க மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவுப்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். அதுவும் பலிக்காவிட்டால் குற்றவியல் நடுவரிடம் போகலாம்.

நிலையத்தில் உட்காரவைத்து, "பத்து நாளில் காலி செய்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வீட்டைக் காலி செய்ய வைக்கும் வேலை காவல்துறைக்குச் சட்டம் கொடுத்தது அல்ல. அது கட்டப் பஞ்சாயத்து. பணிவாக, "என் வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

வீட்டை மீட்க மிக நேரான வழி, 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. சம்மதம் இல்லாமல், சட்ட வழியில் அல்லாமல் சுவாதீனத்திலிருந்து அகற்றப்பட்டவர், சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த வழக்கில் தீர்ப்பு வந்தால் எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். சமாதானம் பேசிக்கொண்டே இந்த ஆறு மாதத்தைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், வழக்கையும் போட்டு வையுங்கள்.

இன்னும் வெளியேற்றவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால், சட்ட நடைமுறை தவிர வேறு வழியில் என்னை வெளியேற்றக் கூடாது என்று தடையாணை கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது ஆணைப்படி அவசர இடைக்காலத் தடையும் கேட்க முடியும். நீங்கள் கேட்பது வீட்டில் நிரந்தரமாக இருக்கும் உரிமையை அல்ல, முறைப்படி நடத்தப்படும் உரிமையைத்தான். வழக்கறிஞரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், மனுவும் அப்படியே அமையட்டும்.

எட்டாம் படி: உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால்

வாடகை நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து வாடகைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். செய்தால் மட்டும் போதாது, தடையும் வாங்க வேண்டும். உத்தரவை நிறைவேற்ற வருபவர் நீதிமன்ற அமீனா. அவர் கையில் வாரண்ட் இருக்கும். வாங்கிப் படித்து, வழக்கு எண்ணையும் முகவரியையும் சரிபார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அவரை மட்டும் தடுக்காதீர்கள்.

வீடு கைமாறினால், வாடகைதாரர் இறந்தால், லீசுக்கு இருந்தால்

"வீட்டை வித்துட்டேன், புது ஓனர் வர்றாரு, காலி பண்ணுங்க" என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவுப்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து அமர்கிறார். உங்கள் ஒப்பந்தம் அவரையும் கட்டுப்படுத்தும். யாருக்கு வாடகை கட்டுவது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைதாரர் இறந்துவிட்டால், அவரோடு அந்த வீட்டில் குடும்பமாக வாழ்ந்துவந்த வாரிசுகளுக்கு மீதமுள்ள ஒப்பந்தக் காலம் வரை தொடரும் உரிமை உண்டு. துக்க வீட்டில் வந்து சாவி கேட்பவருக்கு இதைச் சொல்ல உறவினர் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மாத வாடகை இல்லாமல் பெருந்தொகை கொடுத்து லீசு, போகியம் என்று இருப்பவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரு முத்திரைத் தாளின் பேரில் இருக்கும். அடமானம் என்ற வகையில் வரும் போகியத்தைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்து, அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியின் ஜப்தி நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். அங்கே விதிகளும் கால வரம்புகளும் வேறு.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால்

1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல் இலவச வழக்கறிஞர் பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. உதவி எண் 15100. வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தாலும், வீட்டிலிருந்து விரட்டப்படும் மனைவி தன் பெயரில் உதவி கேட்கலாம்.

நீங்களாகவே காலி செய்ய முடிவெடுத்தால்

அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன் சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் நடையாய் நடப்பது வேண்டாம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது 11-ஆவது பிரிவு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். சுவர், கழிப்பறை, மின்மீட்டர் எண் ஆகியவற்றைப் படம் எடுங்கள். சாவி ஒப்படைத்த தேதி, திரும்ப வர வேண்டிய தொகை, அது வரும் நாள் மூன்றையும் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.